அந்த ஜவுளிக்கடைப் பையை அவிழ்த்துப் பாருங்கள்

போன சனிக்கிழமை மதியம், என் மருந்துக் கடைக்கு வழக்கமாக வரும் தம்பி ஒருவன் மஞ்சள் ஜவுளிக்கடைப் பை ஒன்றைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தான். "அண்ணே, அம்மாவ ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம். என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு டாக்டர் கேக்குறாரு. எனக்கு ஒண்ணும் தெரியல, பாத்துச் சொல்லுங்க." விடியற்காலையில் அம்மா உடம்பெல்லாம் வியர்த்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல் கிடந்திருக்கிறார். ரத்தச் சர்க்கரை 38-க்கு இறங்கியிருந்தது.

பையைக் கொட்டினேன். மூன்று நான்கு மாத்திரைகளோடு நறுக்கிய அட்டைத் துண்டுகள். அடியில் எறும்பு மொய்த்த இருமல் மருந்து. வால் வரை சுருட்டிய ஆயின்மென்ட். பேரனுக்கு எப்போதோ வாங்கிய காய்ச்சல் சொட்டு மருந்து. கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் கொடுத்த கண் சொட்டு மருந்து. இவற்றுக்கு நடுவே மூன்று வேறு பெயர்களில், மூன்று வேறு நிற அட்டைகளில் ஒரே கிளிமிபிரைடு, சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை. ஒன்று பழைய டாக்டர் எழுதியது, ஒன்று புது டாக்டர் எழுதியது, இன்னொன்று அரசு மருத்துவமனையில் வாங்கியது. அம்மா மூன்றையும் தவறாமல் போட்டிருக்கிறார்.

அவர் பிழைத்துவிட்டார். இந்த மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, குளுக்கோஸ் ஏற்றி எழுப்பிய பிறகும் திரும்ப இறங்கும். வயதானவர்களுக்கு, சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தவர்களுக்கு இன்னும் மோசம். அதனால்தான் விழித்ததும் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துப் பார்க்கிறார்கள். தேறி வந்ததும் அவரிடமே கேட்டேன். "அட்ட கலரு வேற வேறயா இருந்துச்சு தம்பி, வேற வேற மருந்துன்னு நெனச்சேன். காசு குடுத்து வாங்குனத எப்புடித் தூக்கிப் போடுறது?" அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மருந்து மாறும்போது பழையதை நிறுத்தச் சொல்லி அவரிடம் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரிப் பையை நான் பார்ப்பது இந்த வருடத்தில் மட்டும் எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். பொங்கலுக்குப் பரண் வரை இறக்கித் துடைக்கிற வீடுகளில்கூட இந்தப் பையை மட்டும் யாரும் தொடுவதில்லை.

தொடச் சொன்னால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "இன்னும் எக்ஸ்பைரி ஆகலையே!"

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். அட்டையில் அச்சிட்ட தேதி, பிரிக்காத மருந்துக்கான தேதி. அதுவும் லேபிளில் சொன்னபடி சூடு, ஈரம், வெளிச்சம் படாமல் வைத்திருந்தால்தான். மூடியைத் திறந்த நாளிலிருந்து கணக்கு வேறு. கண் சொட்டு மருந்தைத் திறந்தால் பொதுவாக 4 வாரம்தான். பாட்டிலில் இன்னும் 2 வருடத் தேதி இருந்தாலும், பாதிக்கு மேல் மருந்து இருந்தாலும், 4 வாரம்தான். அதற்குள் நுனி எத்தனை தடவை இமையில் பட்டிருக்கும், கிருமி எவ்வளவு உள்ளே போயிருக்கும்? குழந்தைகளுக்குப் பொடியில் தண்ணீர் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாடிக் சிரப், கலந்த பின் பெரும்பாலும் 7 நாள். பிரிட்ஜில் வைத்திருந்தேன் என்று அடுத்த மாதம் எடுத்துக் கொடுக்காதீர்கள். இன்சுலின் பாட்டிலையும் திறந்து 28 நாளில் மாற்ற வேண்டும், சிலவற்றுக்கு மட்டும் நாள் கணக்கு வேறு. திறந்த அன்றே பாட்டிலின் மேல் பேனாவால் தேதி எழுதிவிடுங்கள். அப்புறம், வைக்கிற இடத்தைப் பாருங்கள். டிவி மேல், பிரிட்ஜ் மேல், அடுப்புக்கு மேல் உள்ள அலமாரியில், குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் என்று வீட்டில் எங்கெல்லாம் சூடும் ஈரமும் உண்டோ, தேடிப்பிடித்து அங்கேதான் மருந்தை வைக்கிறார்கள்.

தேதியே சரியாக இருக்கட்டும். அந்த மருந்து இன்றைய நோய்க்கு உரியது என்று யார் சொன்னது? ஆன்டிபயாடிக் மாத்திரை மிச்சம் இருக்கிறது என்றாலே, பெரும்பாலும் சொன்ன நாள்வரை சாப்பிடாமல் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பது டாக்டர் சீட்டு இல்லாமல் தொடாதே என்று சொல்லத்தான். படர்தாமரைக்குப் பழைய ஸ்டீராய்டு கிரீமைத் தடவி, நாணயம் அளவு இருந்ததை இடுப்பு முழுக்கப் பரப்பிக்கொண்டு வருகிறவர்கள் வாராவாரம் உண்டு. கண் சிவந்தால் ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்தை எடுத்து விடுகிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸாக இருந்தால் கருவிழியே கெட்டுவிடும்.

குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 250 மி.கி. சிரப்புக்குக் கொடுத்த மூடியால் சொட்டு மருந்தை 5 மி.லி. அளந்து ஊற்றினால், கைக்குழந்தை வயிற்றுக்குள் 500 மி.கி. போகும், பெரியவர்கள் போடும் முழு மாத்திரை அளவு. பழைய பாட்டிலும் புது மூடியும் ஒரே பையில் கிடந்தால் நள்ளிரவில் இதுதான் நடக்கும்.

மாத்திரைகளை உதிர்த்துச் சின்ன டப்பாவில் கொட்டி வைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டியது. தினமும் போட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிரே போகலாம். அதோடு கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பல கம்பெனிகளில் அதே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரைதான். இரண்டும் ஒரே டப்பாவில் கலந்துவிட்டால் எனக்கே பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, என்ன செய்யலாம்? ஆளுக்கு ஒரு டப்பா வையுங்கள். இப்போது சாப்பிடுவது மட்டும் அதில் இருக்கட்டும், பெயர் தெரியும் அட்டையோடு. துண்டாக வாங்கினால் பெயரும் தேதியும் உங்கள் துண்டில் இருக்கும்படி நறுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் முழு அட்டையைக் கடையிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புது மருந்து எழுதினால் முதலில் 10 நாளைக்கு மட்டும் வாங்குங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் காசு வீணாகாது. டாக்டர் மருந்தை மாற்றினால் எழுந்து வருவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பழச நிறுத்தணுமா, சேத்துப் போடணுமா?" இதைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது.

வேண்டாமென்று கழித்த மருந்தை எரிக்க வேண்டாம், கிணற்றிலோ கால்வாயிலோ கொட்ட வேண்டாம். 2016 திடக்கழிவு விதிகளிலேயே காலாவதி மருந்து தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டிய வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லியிருந்தார்கள். கேரளத்தில் 2025-ல் கோழிக்கோட்டில் வீடுகளில் மிஞ்சிய மருந்தைச் சேகரிக்கவே திட்டம் தொடங்கினார்கள், நம் ஊருக்கும் அது வர வேண்டும். அதுவரை தனிக் கவரில் கட்டி, என்னவென்று சொல்லித் தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள். தனியாக வாங்க ஆளில்லாத இடத்தில், அட்டையிலிருந்து பிரித்து, பழைய டீத்தூளிலோ மண்ணிலோ பிசைந்து கட்டிப் போடுங்கள், நாயோ குழந்தையோ எடுத்து வாயில் வைக்காது. இன்சுலின் ஊசியை மட்டும் தயவுசெய்து கவரில் போடாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடிக் கொடுங்கள். அந்தக் குப்பையை வெறுங்கையால் பிரிக்கும் அம்மாக்களை நான் தினமும் காலையில் பார்க்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, அப்பா அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து, பையைக் கட்டிலில் கொட்டிப் பாருங்கள். என்ன மருந்து என்று தெரியாததை வாயில் போடவும் வேண்டாம், உடனே தூக்கி எறியவும் வேண்டாம். பக்கத்து மருந்துக் கடைக்கு எடுத்துப் போங்கள். என் கடை என்றால் மதியம் 2 மணிக்கு மேல் வாருங்கள், அப்போது கூட்டம் இருக்காது, ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதியே தருகிறேன்.