சதுரக்கள்ளி மலைநாட்டில் அழுகுவது ஏன்?

மன்னார், அம்பாந்தோட்டைக் கரையோரங்களில் பற்றை பற்றையாகத் தானே வளரும் சதுரக்கள்ளியை நுவரெலியாவில் சட்டியில் வைத்தால் அடி அழுகிச் சாய்ந்துவிடுகிறது. குளிர்தான் காரணம் என்பார்கள். உறைபனி கொட்டும் தை மாதத்துச் சில இரவுகளை விட்டால், குளிரின் பங்கு கொஞ்சம்தான்.

இதன் தண்டிலுள்ள இலைவாய்கள், அதாவது காற்றுப் புகும் நுண்துளைகள், இரவில் திறக்கின்றன. உள்ளே நுழையும் காபனீரொட்சைட்டு மாலிக் அமிலமாகிக் கலங்களுக்குள் சேர்கிறது; பச்சை அப்பிளைப் புளிக்க வைப்பதும் இதே அமிலம்தான். (கள்ளியை ருசி பார்க்க வேண்டாம், பால் வாயைப் புண்ணாக்கிவிடும்.) பகலில் இலைவாய்கள் மூடியிருக்க, அமிலத்திலிருந்து பிரியும் காபனீரொட்சைட்டைக் கொண்டு ஒளித்தொகுப்பு நடக்கிறது. வெயிலில் நீரை இழக்காமலிருக்க இந்த ஏற்பாடு.

வெக்கைக் கரையில் உயிர் காக்கும் அதே சிக்கனம், மூடுபனி இறங்கும் ஊரில் எமனாகிறது. செடி நீரை வெளியே விடுவது அரிது, ஆகவே வேர் உறிஞ்சுவதும் அரிது. சட்டி மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். காற்றுப் போகாத மண்ணில் வேர் செத்து, பங்கசு அடித்தண்டுக்கு ஏறுகிறது.

ஆகவே மண்ணைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் ஒரு பங்குக்கு, பரும்படியான ஆற்றுமணலும் சிறு சல்லியுமாக இரண்டு பங்கு. பிளாஸ்டிக் வேண்டாம், அடியில் துளையுள்ள மண்சட்டிதான் சரி. மழை படாத, வெளிச்சம் விழும் இஸ்தோப்பு ஓரம் நல்லது; வெளிச்சம் போதாவிட்டால் நுனி மெலிந்து வெளிறி நீளும். தண்ணீர் ஊற்றுமுன் ஒரு ஈர்க்கைச் சட்டியின் அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் ஊற்றக்கூடாது. ஹட்டன் பக்கம் ஆனி, ஆடி மழையில் பெரும்பாலும் ஊற்றவே வேண்டியிராது.

அடித்தண்டு பழுப்பாக, விறைப்பாக, தக்கைபோல் இருந்தால் அது முதிர்ச்சி. அழுத்தும்போது அமுங்கினால் அழுகல். அழுகலுக்கு மேலே வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து இன்னும் மேலே வெட்டுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பால் கண்ணில் பட்டால் கால் மணிநேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவி வைத்தியரிடம் போகவேண்டும். வெட்டிய துண்டின் பாலைக் கழுவி, நிழலில் காயவிடுங்கள். கரையோரத்தில் ஒரு வாரம் போதும், இங்கே மழைமாதத்தில் மூன்று வாரமும் ஆகலாம். வெட்டுமுகம் கெட்டியாகுமுன் நட்டால் பழைய அழுகலே திரும்ப வரும்.

பண்டாரவளைப் பக்கத்தவர்களுக்கு இவ்வளவு பாடில்லை. ஆனி முதல் ஆவணிவரை வீசும் வறண்ட காற்று மண்ணைக் காயவைத்துவிடும். ஐப்பசி மழை தொடங்கும்போது சட்டியை உள்ளே எடுத்தால் சரி.