மீதி ஊசியை ஊருக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாமா?

குளச்சலில் வலை இழுக்கையில் கால் கிழிந்து, சீழ் பிடித்து, முழங்கால் வரை வீங்கிய ஒருவர் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்கிறார். சில நாளில் காய்ச்சல் விடுகிறது, நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் ஊசி இன்னும் முடியவில்லை. இப்படிப்பட்டவர் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டியது, "மாத்திரைக்கு மாறலாமா?" என்பதுதான். பலருக்கு அதுவே போதும். ஊசிதான் வேண்டுமென்றால், மருத்துவரின் சம்மதத்தோடு மீதியை அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தொடர முடியுமா என்று கேளுங்கள். அரசு இருப்பில் உள்ள மருந்துக்குக் கட்டணம் இல்லை.

எல்லா மருந்துக்கும் இது ஒத்துவராது. செஃப்ட்ரியாக்சோன் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை, போய்வரலாம். மெரோபெனம் வழக்கமாக 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. மருத்துவமனையில் இருப்பதே நல்லது. அமிக்காசின் என்றால் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை அவசியம். காதில் இரைச்சல் கேட்டால் அன்றே சொல்லிவிடுங்கள்.

மருந்துக்கடையில் வாங்க நேர்ந்தால் சட்டம் கண்டிப்பானது. செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனம் இரண்டும் 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணையில் இருக்கின்றன. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டு கேட்கும் கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள். கேட்காமல் கொடுப்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை. கடையிலேயே ஊசி போட்டுக்கொள்ளவே கூடாது. ஒவ்வாமை வந்தால் உடனே அட்ரினலின் போட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். முதல் ஊசி மருத்துவமனையில்தான் என்று சொல்வதும் இதனால்தான்.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை முக்கியமாக உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. புறநோயாளியாகப் போடும் ஊசிக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயர், அளவு, நரம்பிலா தசையிலா, கடைசி ஊசி எந்தத் தேதியில், மறுபரிசோதனை என்றைக்கு என்பதெல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று காட்டும் கல்ச்சர் பரிசோதனை முடிவின் நகலையும் கேட்டு வாங்குங்கள். திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்றுத் திரும்புகிறவர்களுக்கு இந்தத் தாள்களே துணை. உள்ளூர் மருத்துவருக்கு வேறு விவரம் கிடைக்காது.

கையில் வென்ஃப்ளான் (ஊசி மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் பொருத்திய சிறு குழாய்) இருந்தால் நனையாமல் பாருங்கள். அந்த இடம் சிவந்தாலோ வலித்தாலோ உடனே எடுக்கச் சொல்லுங்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். உதடு வீங்கினால், மூச்சு இரைத்தால் 108. சந்தேகம் கேட்க 104.