சாய்ந்து ஓடும் எஞ்சினுக்கு ஆயில் சம்ப் செய்வது எப்படி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் விசைப்படகுகளின் எஞ்சின்கள் வெளியே வருவது இந்த நாட்களில்தான். லாரியில் ஓடிய ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் படகுக்கு மாற்றும்போது கியர்பாக்ஸையும் கூலிங்கையும் எல்லோரும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். அடியில் தொங்கும் ஆயில் தொட்டியான ஆயில் சம்ப், சிலர் வாயில் சேம்பர், அப்படியே விடப்படுகிறது. எஞ்சின் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுபோவதற்கு அதுவே போதும்.

லாரியில் எஞ்சின் ஏறக்குறைய மட்டமாக நிற்கும். மேட்டில் ஏறும்போது சாய்ந்தாலும் சற்று நேரத்தில் நிமிர்ந்துவிடும். படகில் புரொப்பல்லர் ஷாஃப்ட் அமரத்தை, அதாவது படகின் பின்பக்கத்தை, நோக்கிச் சரிந்து இறங்குவதால், எஞ்சினின் பின்பக்கமான ஃப்ளைவீல் பக்கம் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். சம்ப்பின் உள்நீளம் 700 மில்லிமீட்டர், சாய்வு 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பின்முனையில் ஆயிலின் ஆழம் முன்முனையைவிட 123 மி.மீ. கூடுதலாக இருக்கும். அதே சம்ப் 15 டிகிரி சாய்ந்தால் வித்தியாசம் 188 மி.மீ. ஆயிலை உறிஞ்சும் வலைமுனையான ஸ்ட்ரெய்னர் முன்பக்கம் இருந்தால், சம்ப்பில் ஆயில் நிறைய இருக்கும்போதே அது காற்றை இழுக்கத் தொடங்கும்.

கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலம் சில மைக்ரான் தடிமன்தான். அதில் காற்றுக் குமிழி கலந்தால் படலம் நசுங்கி உலோகம் உலோகத்தில் உரசும். பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங். ஆயில் பிரஷர் முள் நிலையாக நிற்காமல் துடிப்பதே இதற்கான முதல் அறிகுறி. கேஜ் பழுது என்று நினைத்து அதை மாற்றிவிட்டுக் கடலுக்குப் போனால், திரும்பி வருவது இன்னொரு படகு இழுத்துத்தான்.

கூடுதலாக ஆயில் ஊற்றுவது தீர்வு ஆகாது. முன்பக்கம் ஸ்ட்ரெய்னர் மூழ்கும் அளவுக்கு ஊற்றினால், பின்பக்கம் ஆயில் மட்டம் கிராங்கின் எடைக்கட்டைகளைத் தொட்டுவிடும். நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும் கட்டை ஆயிலை மோர் கடைவதுபோல் கடையும். நுரை, சூடு, எஞ்சின் மூச்சுக்குழாயான பிரீதரில் புகை, பின் ஆயில் சீலில் கசிவு எல்லாம் வரிசையாக வரும். ஆக, ஆயில் எங்கே போய்த் தேங்குகிறதோ அங்கே ஸ்ட்ரெய்னர் இருக்க வேண்டும். அது அங்கே தேங்குவதற்குப் போதிய பள்ளமும் இருக்க வேண்டும்.

முதலில் சாய்வை அளக்க வேண்டும். படகு கரையில் கட்டைமேல் நிற்கும்போது அளந்தால் தப்பாகும். தண்ணீரில் மிதக்க, டீசல் நிரம்பி, ஐஸ் ஏற்றிய நிலையில் எஞ்சின் பெட் மேல் சாய்வுமானியை வைத்து அளக்க வேண்டும். வலை இழுக்கும்போது அமரம் இன்னும் தாழும். அதற்காக 5 டிகிரி சேர்த்துக்கொண்டு கணக்குப் போடுவது பத்திரம்.

இனி பள்ளம். பழைய சம்ப்பின் பின்பக்க அடித்தட்டை வெட்டி எடுத்துவிட்டு, 3 மி.மீ. இரும்புத் தகட்டில் பெட்டி கட்டிச் சேர்ப்பதே வழக்கம். 300 மி.மீ. நீளம், 250 அகலம், 60 ஆழம் உள்ள பெட்டி நான்கரை லிட்டர் கொள்ளும். ஆழத்தை விருப்பம்போல் கூட்ட முடியாது. பெட்டியின் அடிக்கும் படகின் அடித்தளத்துக்கும் நடுவே குறைந்தது 50 மி.மீ. இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் அங்கே தேங்கும் உப்புத்தண்ணீர் தகட்டை வெளியிலிருந்தே தின்றுவிடும். ஆழத்துக்கு இடமில்லையா, அகலத்தைக் கூட்டுங்கள்.

வெல்டிங்கில்தான் வேலை கெடுகிறது. சூடு ஏறியதும் மேல் விளிம்பான ஃபிளேஞ்ச் முறுக்கிக்கொள்ளும். பிறகு எத்தனை பேக்கிங் போட்டாலும் கசியும். அதனால் சம்ப்பை 12 மி.மீ. தடிமனான பிளேட்டிலோ, பழைய எஞ்சின் பிளாக்கிலோ எல்லா போல்ட்டும் போட்டு இறுக்கிய பிறகே தீ வைக்க வேண்டும். 50 மி.மீ.க்கு ஒரு டேக், அதாவது சிறு புள்ளி வெல்ட், வைத்து, பிறகு ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி நிரப்ப வேண்டும். முழுவதும் ஆறும்வரை போல்ட்டில் கை வைக்கக் கூடாது. கழற்றியதும் ஃபிளேஞ்ச் மேல் நேர்சட்டம் வைத்துப் பாருங்கள். இடுக்கு அளக்கும் தகடான ஃபீலர் கேஜில் 0.25 மி.மீ. நுழைந்தால் தட்டிச் சரிசெய்தாக வேண்டும். அலுமினிய வார்ப்பு சம்ப் என்றால் கதை வேறு. வார்ப்பின் நுண்துளைகளில் ஊறிய ஆயில் வெல்டிங்கில் கொதித்து ஓட்டை ஓட்டையாக்கும். அதை நன்றாகக் கழுவி, சூடுபடுத்தி, ஆயிலை வெளியேற்றியபின் ஆர்கான் வெல்டிங்தான் செய்ய வேண்டும். உப்புத்தண்ணீர்ப் பக்கம் இரும்பு சம்ப்பே நல்லது என்பது எங்கள் கருத்து.

கசிவு பார்க்க எளிய வழி உண்டு. வெல்டிங் கோடு முழுவதும் வெளிப்பக்கம் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். தண்ணீர் கசியாத துளையிலும் மண்ணெண்ணெய் கசியும். காய்ந்த வெள்ளையில் ஊசிமுனை அளவு ஈரப்புள்ளி தோன்றி மெல்ல விரியும். அந்த இடத்தை அரைத்து எடுத்துவிட்டு மறுபடி வெல்ட் செய்ய வேண்டும். மேலே எம்சீல் அப்பி ஒப்பேற்றக் கூடாது.

ஸ்ட்ரெய்னரைப் பின்னுக்குக் கொண்டுபோகும்போது உறிஞ்சுகுழாய் நீளும். நீளம் கூடினால் தடையும் கூடும். அதனால் துளையின் விட்டம் பழையதற்குக் குறையக் கூடாது, ஒரு அளவு பெரியதாக இருந்தால் மிக நல்லது. நீண்ட குழாய் அதிர்வில் விரிசல் விடும். நடுவில் கிளாம்ப் கட்டாயம். ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கும் இணைப்பில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் பம்ப் காற்றைத்தான் இழுக்கும்.

ஸ்ட்ரெய்னருக்கும் சம்ப் அடிக்கும் இடைவெளி 6 முதல் 10 மி.மீ. வரை. ஒட்டிக்கொண்டால் ஆயில் வராது, தூக்கிக்கொண்டால் படகு ஆடும்போது காற்று வரும். ஸ்ட்ரெய்னர் அடியில் விளையாட்டுக் களிமண் உருண்டை ஒட்டி, பேக்கிங்கோடு சம்ப்பை மாட்டி இறுக்குங்கள். கழற்றி, நசுங்கிய களிமண்ணைக் கத்தியால் குறுக்கே வெட்டினால் இடைவெளி கண்முன் தெரியும்.

அலை பக்கவாட்டில் அடிக்கும்போது ஆயில் ஓடாமலிருக்க, பள்ளத்தின் வாயில் தடுப்புத்தகடு தேவை. நான்கு மூலையிலும் வழி விடாவிட்டால் மேலிருந்து வடியும் ஆயில் பள்ளத்துக்குத் திரும்பாது. சம்ப்பின் உள்ளே பெயின்ட் வேண்டாம், உரிந்து ஸ்ட்ரெய்னர் வலையை அடைக்கும். வெளியே எபாக்ஸி இரண்டு கோட்.

பழைய டிப்ஸ்டிக் குறி இனிச் செல்லாது. எஞ்சினைப் படகில் பூட்டி, மிதக்கும் நிலையில், ஃபில்டரையும் முதலிலேயே நிரப்பிவிட்டு, ஆயிலை லிட்டர் லிட்டராக அளந்து ஊற்ற வேண்டும். மேல்குறி வைக்குமுன், பின்பக்க ஆயில் மட்டம் கிராங்க் சுற்றும் வட்டத்துக்குக் கீழேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அரத்தால் புதிய குறி போடுங்கள். டிரெய்ன் நட்டுக்குக் கீழே பாத்திரம் வைக்க இடம் இருக்காது. அங்கிருந்து மேலே ஒரு குழாய் இழுத்துக் கைப்பம்ப் மாட்டினால் ஆயில் மாற்றுவது சுலபம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலை நிறுத்தி வைத்து, பிரஷர் முள் எழும்வரை செல்ப் அடிக்க வேண்டும், ஒரே மூச்சில் இல்லாமல் விட்டு விட்டு. பத்து மணி நேரம் ஓடியதும் ஆயிலை இறக்கித் துணியில் வடிகட்டிப் பாருங்கள். கறுப்பாக உருண்டையாக இருந்தால் வெல்டிங் கசடு, ஆயில் மாற்றினால் போதும். செம்பு நிறத்தில் மினுங்கினால் அது பேரிங். சம்ப்பை உடனே கழற்றுங்கள்.