பிரிண்ட் எடுத்ததும் அழித்துவிட்டேன் சார்!

அலுவலக ஐடி குழுவில் இருக்கும் எனக்கு இந்த வாரமும் அதே கதை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒருவருக்குச் சம்பளப் பட்டியல் காகிதத்தில் வேண்டும். விபிஎன் (அலுவலக வலையோடு இணைக்கும் பாதுகாப்பான இணைப்பு) போட்டதும் அலுவலக லேப்டாப்பில் வீட்டு பிரிண்டர் தெரியவில்லை. மனிதர் சளைக்கவில்லை. கோப்பைத் தன் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பி, அங்கிருந்து வாட்ஸப்பில் மகளுக்குத் தள்ளி, மகளின் போனிலிருந்து பிரிண்ட் எடுத்துவிட்டார். கேட்டால், "எடுத்ததும் அழித்துவிட்டேன் சார்" என்கிறார்.

எதை அழித்தீர்கள் ஐயா? அலுவலக மெயிலின் 'அனுப்பியவை'யில் ஒரு நகல். ஜிமெயில் இன்பாக்ஸில் ஒன்று. அதை அழித்தாலும் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். வாட்ஸப்பில் உங்களிடம் ஒன்று, மகளிடம் ஒன்று. மகள் திறந்து பார்த்தபோது போனில் சேமித்திருந்தால் இன்னொன்று. ராத்திரி அந்த போன் கிளவுடுக்கு பேக்கப் எடுத்திருந்தால் அங்கேயும் ஒன்று. பிரிண்டரோடு வந்த செயலி இணையம் வழியாக அச்சிடும் ரகமென்றால், கோப்பு அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வந்திருக்கும். இத்தனையில் அவர் அழித்தது மகளின் சாட்டில் இருந்ததை மட்டும். பட்டியலில் இருந்ததோ கூட வேலை பார்ப்பவர்களின் சம்பளமும் வங்கிக் கணக்கு எண்களும்.

ஆனால் என்னிடம் எல்லோரும் கேட்பது ஹேக்கரைப் பற்றித்தான். 2018 இறுதியில் ஒருவர், இணையத்தை நோக்கி 9100 போர்ட் (அச்சு வேலை உள்ளே வரும் வாசல்) திறந்து கிடந்த பிரிண்டர்களைத் தேடிப் பிடித்து ஒரு யூடியூப் சேனலுக்கு விளம்பரம் அச்சடித்தார். சுமார் 50,000 பிரிண்டர்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார். அதற்கு மருந்து சுலபம்: ரூட்டரில் யுபிஎன்பியை (வீட்டுக் கருவிகள் தாமாகவே வெளியே வாசல் திறக்கவிடும் வசதியை) அணையுங்கள், வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் பக்கமே போகாதீர்கள், பிரிண்டரின் அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அதற்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். ரூட்டர் இல்லாமலே பிரிண்டரோடு நேராக இணைக்கும் வைஃபை டைரக்ட் தேவையில்லை என்றால் அதையும் அணைத்துவிடுங்கள். சில பிரிண்டர்களில் அதன் கடவுச்சொல் 12345678 என்றே வருகிறது! ஒரு மாலை போதும், எல்லாம் முடிந்துவிடும்.

விபிஎன் போட்டிருக்கும்போது அச்சிட வேண்டுமா? யூஎஸ்பி கேபிளைச் சொருகுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். அப்படியும் வரவில்லை என்றால் எங்களைத்தான் திட்ட வேண்டும். பென்டிரைவைத் தடுப்பது வேறு, யூஎஸ்பி பிரிண்டரைத் தடுப்பது வேறு. பல ஐடி குழுக்கள் இரண்டையும் சேர்த்தே அடைத்துவிட்டு, 'வீட்டில் அச்சிடக் கூடாது' என்று ஒரு சுற்றறிக்கையோடு கடமையை முடித்துக்கொள்கிறார்கள். கையெழுத்துக்காக மட்டும் அச்சிட்டு, உடனே ஸ்கேன் செய்து திருப்பி அனுப்பும் ஆட்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு மின்கையொப்ப வசதி கொடுத்தாலே பாதிக் காகிதம் குறையும்.

அப்புறம், அந்தக் காகிதம். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று குழந்தைக்குப் படம் வரையக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. கையால் நாலாகக் கிழிப்பதும் கணக்கில் வராது. காகிதத்தைத் துண்டாக்கும் ஷ்ரெடர் வாங்குவதென்றால் நீளநீளமாக வெட்டுவது வேண்டாம். பி-4 தரம் பார்த்து வாங்குங்கள், ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் போகாது.

பழைய பிரிண்டரை விற்கும்போதும் யாருக்காவது கொடுக்கும்போதும் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் வைஃபை கடவுச்சொல் அதற்குள்தான் இருக்கிறது. ஸ்கேனை நேராக மெயிலுக்கு அனுப்பும்படி அமைத்திருந்தால் மெயில் கடவுச்சொல்லும் இருக்கலாம்.

ஏற்கெனவே வாட்ஸப்பில் அனுப்பியவர்கள் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், திட்ட மாட்டேன். அலுவலக மெயிலில் இருப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மகளின் போன், அதன் பேக்கப், உங்கள் ஜிமெயில் குப்பைத்தொட்டி மூன்றையும் நீங்கள்தான் உட்கார்ந்து துடைக்க வேண்டும்.