சரி, அதனால?

முதன்முதலாக மேலதிகாரிகள் முன்னால் பிரசன்டேஷன் கொடுத்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 42 ஸ்லைடு. மூன்று இரவு கண்விழித்துத் தயாரித்தது. வரைபடம், அட்டவணை, அம்புக்குறி என்று எதிலும் குறை வைக்கவில்லை. கடைசி ஸ்லைடு முடிந்ததும், ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சரி, அதனால?"

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. மனிதர் கவனிக்கவே இல்லை என்று நினைத்தேன். நினைவாற்றல் பற்றிய ஆராய்ச்சிகளைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது, அவர் நன்றாகவே கவனித்திருக்கிறார். 42 ஸ்லைடிலும் தேடிக் கிடைக்காத சொல்லைத்தான் கேட்டிருக்கிறார்.

என் ஸ்லைடில் அந்தச் சொல் இல்லாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் புளோரிடாவிலிருந்து கிளம்பியது. கிளம்பி 82 நொடி ஆவதற்குள் எரிபொருள் தொட்டியின் மேலிருந்த காப்பு நுரையில் ஒரு துண்டு பிய்ந்து வந்து இடது இறக்கையில் மோதியது. எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. மறுநாளே கேமராப் பதிவில் அதைப் பார்த்துவிட்டார்கள். பொறியாளர்கள் ஒரு வாரம் கணக்குப் போட்டார்கள். விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, 24-ஆம் தேதி, நாசா மேலாளர்களுக்குப் பவர்பாயிண்டில் முடிவுகளைக் காட்டினார்கள்.

அதில் ஒரு ஸ்லைடு பிற்பாடு பெயர் பெற்றுவிட்டது. சோதனைத் தரவுகளைப் பார்த்தால் பயப்பட வேண்டியதில்லை என்று நினைக்க வைக்கும் தலைப்பு. கீழே புல்லட் (முன்னால் புள்ளி வைத்த துண்டு வரி), அதற்குள் புல்லட், அதற்குள்ளும் புல்லட். 'குறிப்பிடத்தக்க' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஐந்து இடங்களில் வருகிறது, ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு அளவைக் குறித்து. இதையெல்லாம் தாண்டிக் கடைசியில், சிறிய எழுத்தில், இரண்டு எண்கள்: மோதிய துண்டு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம்.

640 மடங்கு! அதாவது கையில் இருந்த சோதனைகளை வைத்து இந்த மோதலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஸ்லைடில் பொய் இல்லை, மறைப்பும் இல்லை. அந்த இரண்டு எண்ணுக்கும் தலைப்புக்கும் நடுவே ஒரு 'அதனால்' மட்டும் இல்லை. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் கொலம்பியா டெக்சாஸ் வானில் சிதறியது. கல்பனா சாவ்லா உள்பட 7 பேர் இறந்தார்கள். விசாரணைக் குழு அந்த ஸ்லைடைத் தன் அறிக்கையிலேயே அச்சிட்டு, பொறியியல் ஆய்வறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் பவர்பாயிண்ட் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று குறை சொன்னது.

படித்த, பொறுப்புள்ள மனிதர்கள் நிறைந்த ஓர் அறையில் இது எப்படி நடந்தது?

நம் மூளையில் அப்போதைக்கப்போது வேலை பார்க்கும் நினைவு மிகச் சின்னது. ஒரே நேரத்தில் ஏழு விஷயங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் அதை நான்காகக் குறைத்தார். ஐந்தாவது உள்ளே வந்தால் முதலாவது வெளியே போகும். போதாததற்கு, திரையில் எழுத்தையும் போட்டுவிட்டு வாயாலும் பேசினால் கண்ணும் காதும் ஒரே மொழிப் பகுதிக்குத்தான் சரக்கை அனுப்புகின்றன. படம் வேறு வழியில் போகும், எழுத்தும் பேச்சும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். ஸ்லைடை வரி விடாமல் வாசித்துக் காட்டுகிறவர் கேட்பவருக்கு உதவுவதாக நினைக்கிறார். நடப்பது நேர்மாறு.

அந்தச் சின்ன இடத்தில் நிறைய சாமானை அடுக்க மூளைக்குத் தெரிந்த பழைய தந்திரம்தான் கதை. 1969-இல் ஸ்டான்ஃபோர்டில் கோர்டன் பவரும் மைக்கேல் கிளார்க்கும் ஒரு சோதனை செய்தார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 10 சொற்கள் கொண்ட பட்டியல்கள், மொத்தம் 12. ஒரு குழு வழக்கம்போல மனப்பாடம் செய்தது. இன்னொரு குழு ஒவ்வொரு பட்டியலையும் தானாக ஒரு சின்னக் கதையாகக் கோத்துக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு கேட்டபோது, மனப்பாடக் குழுவுக்கு 13 சதவீதச் சொற்கள் நினைவிருந்தன. கதைக் குழுவுக்கு 93 சதவீதம்.

இங்கே 'கதை' என்ற சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் கதை என்றால் ஆரம்பத்தில் ஒரு ஜோக், நடுவில் ஒரு முயல்-ஆமை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. "மார்ச்சில் ஆர்டர் குறைந்தது. லாரி வாடகை ஏறியது. வாடிக்கையாளர் புகார் கூடியது." இது பட்டியல். "லாரி வாடகை ஏறியதால் டீலர் வாரம் ஒரு முறைதான் சரக்கு எடுத்தார், கடையில் சரக்கு இல்லை என்று வாடிக்கையாளர் திட்டிவிட்டு வேறு பிராண்டுக்குப் போனார், அதனால் ஆர்டர் குறைந்தது." இது கதை. மூன்று தனித்தனிச் சாமான்கள் ஒரே மூட்டையாகிவிட்டன. நினைவில் ஓரிடம் போதும்.

கேட்பவர் மூளையில் அப்போது நடப்பதைப் படம் பிடித்தும் பார்த்திருக்கிறார்கள். பிரின்ஸ்டனில் யூரி ஹாசனும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெண் ஸ்கேனருக்குள் படுத்துக்கொண்டு தன் பள்ளிக்கூட நாள் சம்பவம் ஒன்றைச் சொன்னார். அந்தப் பதிவை மற்றவர்கள் ஸ்கேனருக்குள் படுத்துக் கேட்டார்கள். சொன்னவர் மூளையில் எழுந்த அலைபோலவே கேட்டவர்கள் மூளையிலும், கொஞ்சம் பிந்தி, எழுந்தது. சில பகுதிகளில் பிந்தவில்லை, முந்தியது! அடுத்து என்ன வரும் என்று மூளை முன்கூட்டியே ஓடியிருக்கிறது. அப்படி அதிகம் முந்தியவர்களுக்கே கதை நன்றாகப் புரிந்திருந்தது. ரஷ்ய மொழி தெரியாதவர்களுக்கு ரஷ்யக் கதையைப் போட்டபோது இந்த ஒத்திசைவு காணாமல் போனது. வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் "ஆமா" போட்டு, "அப்புறம்?" என்று எடுத்துக் கொடுப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. புல்லட் பட்டியலைக் கேட்டு யாரும் "அப்புறம்?" என்று கேட்பதில்லை. மூன்றாவது புல்லட்டுக்கும் நான்காவதற்கும் உறவே இல்லாதபோது முந்தி ஓட வழி ஏது?

இவ்வளவு தெரிந்தும் ஏன் மோசமாகப் பேசுகிறோம்? மேசையில் உங்களுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றின் தாளத்தை விரலால் தட்டுங்கள். எதிரே இருப்பவர் என்ன பாட்டு என்று கண்டுபிடிக்கட்டும். எலிசபெத் நியூட்டன் 1990-இல் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக இதைச் செய்தார். பாதிப் பாட்டையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் சரியாகச் சொன்னது 3. தட்டுகிறவர் தலைக்குள் முழு இசையும் ஓடுகிறது, எதிரே இருப்பவருக்குக் கேட்பது டக் டக் மட்டும். ஒரு வாரம் கணக்குப் போட்ட பொறியாளருக்கு 1920, 3 என்ற எண்களே அலறியிருக்கும். முதல் தடவை பார்க்கிற மேலாளருக்கு அவை இன்னும் இரண்டு எண்கள்.

1986-இல் சேலஞ்சர் விபத்துக்கு முந்தைய இரவும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று பூஸ்டர் ராக்கெட் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வாதாடினார்கள். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் ஒழுங்காக மூடாது என்பது அவர்கள் பயம். காட்டிய அட்டவணைகளில் அந்தத் தொடர்பு பளிச்சென்று தெரியவில்லை. அவர்கள் மேல் மட்டும் பழி போடுவது அநியாயம், ஏவியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி மேலிடத்தில் இருந்தது. ஏவும்போது வெப்பநிலை சுமார் 2 டிகிரி. 73-ஆவது நொடியில் விண்ணோடம் சிதறியது, 7 பேர் பலியானார்கள்.

அப்புறம் பிப்ரவரி 11 அன்று, விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன், டிவி கேமராக்கள் முன்னால், அந்த ரப்பரில் ஒரு துண்டைச் சின்னக் கிடுக்கியால் நசுக்கி மேசையிலிருந்த ஐஸ் தண்ணீர் டம்ளருக்குள் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் கிடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. குளிர், அதனால் விறைப்பு, அதனால் இடைவெளி. 'அதனால்' என்று அவர் சொல்லக்கூடத் தேவைப்படவில்லை, பார்த்தவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-இல் மூத்த நிர்வாகிகளின் மீட்டிங்கில் பவர்பாயிண்டை நிறுத்தினார். அதற்குப் பதில் வாக்கியம் வாக்கியமாக எழுதிய குறிப்பு, ஆறு பக்கத்துக்குள். மீட்டிங் தொடங்கியதும் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும். எது எதைவிட முக்கியம், எது எதோடு சேர்கிறது என்று யோசிக்காமல் புல்லட் எழுதிவிடலாம், பத்தி எழுத முடியாது என்பது அவர் சொன்ன காரணம். கதைசொல்லும் திறமைக்கும் மேடைக் கவர்ச்சிக்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

மூளையில் கதை கோக்கும் இதே இயந்திரம் எதிர்த்திசையிலும் ஓடும். 1944-இல் உளவியலாளர்கள் ஹைடரும் சிம்மலும் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் சின்னப் படத்தை 34 பேருக்குக் காட்டி, என்ன பார்த்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் வடிவங்கள் நகர்ந்ததாக எழுதினார். மற்ற எல்லோரும் சண்டை, துரத்தல் என்று உயிருள்ளவர்களின் கதையாகவே எழுதினார்கள். இல்லாத 'அதனால்'-ஐயும் மூளை போட்டுக்கொள்ளும். ரத்தப் பரிசோதனை இயந்திரம் செய்வதாகச் சொன்ன தெரனோஸ் நிறுவனத்தின் எலிசபெத் ஹோம்ஸ், புற்றுநோயில் இறந்த மாமாவைப் பற்றி மேடையில் உருக்கமாகப் பேசினார். பரிசோதனைக்கு ஒரு துளி ரத்தம் போதும் என்றார். முதலீட்டாளர்கள் கோடிக்கணக்கில் கொட்டினார்கள். இயந்திரம் சொன்னபடி வேலை செய்யவில்லை, 2022-இல் மோசடிக் குற்றம் நிரூபணமானது. அங்கே ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் கேட்டிருக்க வேண்டும்.

கொலம்பியா ஸ்லைடை நான் சில தடவை எனக்காக மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறேன். இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் தரப்பிலிருந்து மூன்று கோரிக்கைகள் போயிருந்தன, ஒன்றும் நிறைவேறவில்லை. அதையும் சேர்த்துக்கொண்டால் இப்படி வருகிறது:

"நாம் சோதித்தது 3 கன அங்குலத் துண்டை. மோதியது 1920. இவ்வளவு பெரிய துண்டு மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல நம்மிடம் தரவு இல்லை. அதனால் இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்."