தொழிலதிபரா, தொழில்முனைவரா?

பல்லடத்தில் சிறுதொழில் செய்வோருக்காக அண்மையில் நடந்த ஒரு பயிலரங்கில் எங்கள் கையில் ஒரு தமிழ்க் கையேட்டைக் கொடுத்தார்கள். அதன் முதல் பக்கத்தில், “தொழிலதிபர்களின் பண்புகள் சிறுவணிகங்களில் வேலை உருவாக்கத்தை எவ்வாறு பாதிக்கின்றன” என்று தலைப்பிட்டிருந்தது. என் பக்கத்தில் இருந்தவர் சோமனூரை அடுத்த ஒரு சிற்றூரில் எட்டு விசைத்தறி போட்டுக் கூலிக்கு ஓட்டுபவர். தலைப்பைப் படித்த அவர், “இது பெரிய கம்பெனிக்காரங்களுக்குங்க, நமக்கில்லீங்க” என்று சொல்லிக் கையேட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாருக்காக அந்தக் கையேடு எழுதப்பட்டதோ அவரே அதைத் தமக்குரியதன்று என ஒதுக்கும்படி செய்துவிட்டது தொழிலதிபர் என்ற ஒரே ஒரு சொல். பத்திரிகையிலும் மேடையிலும் விளம்பரத் தட்டியிலும் பலமுறை கேட்டுப் பொறுத்துக்கொண்ட சொல்தான் என்றாலும், அன்று என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் ‘ஆந்த்ரப்ரனர்’ என்று வழங்கும் சொல்லைத்தான் கையேட்டில் அப்படிப் பெயர்த்திருந்தார்கள். அது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. ஒரு செயலை மேற்கொள்ளுதல், ஏற்று நடத்துதல் என்பதே அதன் வேர்ப்பொருள். அதைப் பொருளியல் சொல்லாக்கியவர் ரிச்சர்டு கான்டிலன். அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனபின் 1755இல் வெளிவந்த அவருடைய நூலில், தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பவர் என்று இந்த மனிதரை வரையறுத்தார். 1911இல் ஷும்பீட்டர் என்ற பொருளியலாளர், இருக்கும் பொருள்களையும் வழிகளையும் புதிய விதத்தில் சேர்த்துக் காட்டுபவரே இவர் என்றும், பணம் போடுபவர் வேறு, இவர் வேறு என்றும் பிரித்தார். எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் சொல் சுட்டுவது ஒரு செயலைத்தான். செல்வமோ பதவியோ ஆள்பலமோ அதன் பொருளில் இல்லை.

தொழிலதிபர் என்ற சொல்லில் செயல் எங்கே இருக்கிறது? அதிபர் என்பது வடமொழி அதிபதியின் உறவு. தலைவர், ஆள்பவர் என்பதே அதன் பொருள். ஈழத்தில் பள்ளித் தலைமையாசிரியரை அதிபர் என்பார்கள். நாட்டின் தலைவரையும் அதிபர் என்கிறோம். இரண்டிடத்திலும் அது ஏற்கெனவே அமைந்துவிட்ட ஒரு நிலையைக் குறிக்கிறது. ஆலைகள் பலவற்றை நடத்தி, நூற்றுக்கணக்கானோரை வேலைக்கு வைத்திருப்பவரைத் தொழிலதிபர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது அந்த நிலைக்குப் பொருந்திய பெயர். ஆனால் ஒருவர் எந்த இயல்பால் ஒரு தறியை நான்காக்குகிறார், எதனால் முதல் ஆளை வேலைக்கு எடுக்கிறார் என்று ஆராயப் புகும் ஓர் எழுத்து, அவரை முதல் வரியிலேயே அதிபர் ஆக்கிவிட்டால் ஆராய என்ன மிச்சம் இருக்கும்? வளர்ச்சி எப்படி வந்தது என்று கேட்க வேண்டிய இடத்தில், வளர்ந்து முடித்தவருடைய பட்டத்தை அந்தச் சொல் முன்னதாகவே சூட்டிவிடுகிறது.

ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். அன்றைக்கு அவர் யார்? அதிபர் என்றால் அந்தச் சொல் அன்றைய மனிதரைக் காட்டவில்லை. முதலாளி என்றாலும் முழுதாகப் பொருந்தவில்லை. முதலாளி என்பது முதலை ஆள்பவர் என்று பொருள் தரும் நல்ல சொல்தான். ஆனால் நம் ஊர்ப்பக்கம் பட்டறை போடுபவர் பலருக்கு முதல் என்பது மனைவியின் நகையாகவோ, எடுத்த சீட்டாகவோ, மாமன் மச்சான் கொடுத்த கைமாற்றாகவோதான் இருக்கிறது. முதல் பிறருடையது, துணிவு இவருடையது. ஷும்பீட்டர் பிரித்துக் காட்டிய வேறுபாட்டைக் கொங்கு நாட்டில் ஒரு லேத் பட்டறையைப் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம்.

எனவே தொழில்முனைவர் என்பதே பொருத்தமானது. முனைதல் என்றால் ஒன்றில் முழு மனத்தோடு இறங்குதல். ‘முனை’ என்பதற்குப் போர்முனை என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு. முன்னே நின்று எதிர்கொள்ளும் இடம் அது. தொழில் என்பதும் வெறும் பிழைப்பைக் குறிப்பதன்று. இலக்கணத்தில் தொழிற்பெயர் என்கிறோமே, அங்கே தொழில் என்பது செயலேதான். ஆகத் தொழில்முனைவர் என்பதன் இரண்டு பாதியும் செயலைச் சொல்கின்றன. இன்னொன்றும் எனக்குப் பிடித்திருக்கிறது. தொழிலாளி என்ற சொல்லிலும் இதே தொழில் இருக்கிறது. திருப்பூரில் நேற்றுவரை பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர் இன்று நான்கு தையல் எந்திரம் வாங்கிப் போட்டுத் தாமே கம்பெனி நடத்துவது அன்றாடக் காட்சி. அந்த மனிதரின் இரண்டு நிலைகளையும் ஒரே வேரில் நிறுத்தும் சொல் நம்மிடம் இருக்கும்போது, அவரைத் தொழிலாளியிடமிருந்து பிரித்து அரியணையில் ஏற்றும் சொல் எதற்கு?

இதற்கு ஒரு மறுப்புச் சொல்வார்கள். முனைவர் என்பது ஆய்வுப் பட்டத்துக்குரிய பெயராகிவிட்டது, தொழில்முனைவர் என்றால் தொழிலில் ஆய்வுப் பட்டம் பெற்றவர் என்று தோன்றாதா என்பது அது. தொல்காப்பிய மரபியலில் “வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன்” என்று முதல்நூல் செய்தவனைச் சொல்லும் இடத்தில் முனைவன் என்பது முதல்வன் என்னும் பொருளில் நிற்கிறது. ஆய்வுப் பட்டத்துக்கு அந்தப் பொருள் இசைந்தே வருகிறது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் முன்னே தொழில் என்ற சொல் நிற்கையில் குழப்பத்துக்கு இடமில்லை. அப்படியும் தயங்குவோர் தொழில்முனைபவர் என்று எழுதலாம். அரசு ஆவணங்களில் வழங்கும் தொழில்முனைவோர் என்பது நல்ல பன்மை வடிவம். அதையே ஒருமைக்கும் வைத்து “ஒரு தொழில்முனைவோர்” என்று எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை. ஒரு முனைவர், பல முனைவோர். தன்மையைக் குறிக்கத் தொழில்முனைவு போதும்.

சுயதொழில் செய்பவர் என்பதையும் இதனோடு கலக்கக் கூடாது. தள்ளுவண்டியில் இட்லிக்கடை போட்டுத் தாமே சுட்டுத் தாமே விற்பவர் தமக்கு ஒரு வேலையை அமைத்துக்கொள்கிறார். அது மதிப்புக்குரிய உழைப்பு. ஆனால் வேலைவாய்ப்பைப் பற்றிய ஆய்வு கேட்கும் கேள்வி அவர் இரண்டாவது ஆளை எப்போது சேர்க்கிறார் என்பது. சிறுதொழில் செய்வோரில் மிகப் பலர் அந்த இரண்டாவது ஆளைச் சேர்ப்பதே இல்லை. ஏன் என்பதற்குக் கடன், சந்தை, மின்சாரம், சட்டம் எனப் பல காரணங்கள் உண்டென்றாலும், ஆளின் இயல்புக்கும் அதில் பங்கு உண்டு. 1960களில் மெக்கிளிலண்ட் என்ற உளவியலாளர் ஆந்திரத்துக் காக்கிநாடாவில் சிறுதொழில் செய்வோருக்குச் சாதிக்கும் ஊக்கத்தை வளர்க்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் கூடுதலாகப் புது முயற்சிகளில் இறங்கினார்கள், கூடுதலாக ஆளெடுத்தார்கள் என்று அவர் பதிவு செய்தார். ஊக்கம் மிக்கவர் கண்ணை மூடிக்கொண்டு துணிபவரல்லர், எட்டக்கூடிய தொலைவில் இலக்கு வைத்து அளந்து துணிபவர் என்பதும் அவருடைய முடிவு. அதிபர் என்ற சொல்லில் இந்த அளந்து துணிதலைக் காட்ட இடமே இல்லை, முனைவில் உண்டு.

என் கண்ணுக்குப் பட்டவரையில் நம் பக்கத்துப் பட்டறைகளில் ஆள்கணக்கைத் தீர்மானிக்கும் இயல்பு இன்னொன்று: பிறரிடம் வேலையை நம்பி விடுவது. “இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்” என்ற குறளில் கடைசிச் சொல் ‘விடல்’ என்பதைக் கவனிக்க வேண்டும். கையில் வேலை தெரிந்த லேத்துக்காரர் பலர், அளவு பிசகிவிடுமோ என்ற கவலையில் எந்திரத்தை இன்னொருவர் கையில் விட மனம் இல்லாமல், ஆர்டர் குவிந்தாலும் ஒற்றை லேத்தோடு நிற்கிறார்கள். அவரைவிடக் கைத்திறம் குறைந்தவர், விடத் தெரிந்ததால், ஆறு பேருக்கு வேலை கொடுக்கிறார். ஆர்டர் எடுப்பதிலும் இப்படித்தான். திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைப்பவருக்குக் கான்டிலன் சொன்னது தலைகீழாக நேரும்: விற்கும் விலையை முன்பே ஒப்புக்கொண்டுவிடுகிறார், நூல் விலைதான் பிறகு ஏறுகிறது. அந்த நிச்சயமின்மையைத் தாங்கும் மனம் உள்ளவர் ஆள்களை நிலையாக வைத்துக்கொள்கிறார். இல்லாதவர் சீசனுக்குக் கான்ட்ராக்டில் எடுத்து விட்டுவிடுகிறார்.

தலைப்பில் பிழையாக நின்றது அந்த ஒரு சொல் மட்டுமன்று. ‘சிறுவணிகம்’ என்கிறார்கள். வணிகம் என்பது வாங்கி விற்பது. விசைத்தறி ஓடும் தறிக்குடோனையும் வார்ப்படப் பட்டறையையும் வணிகம் என்பது எந்த வழக்கு? சட்டமே குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் என்று தெளிவாகச் சொல்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் இரண்டரைக் கோடி ரூபாய் முதலீடும் பத்துக் கோடி ரூபாய் விற்றுமுதலும் மிகாதது குறுந்தொழில். அங்கே ஆள்கணக்கு அளவுகோலே இல்லை என்பதையும் வேலைவாய்ப்பைப் பற்றி எழுதுவோர் நினைவில் வைக்க வேண்டும். ‘பாதிக்கின்றன’ என்பது இன்னும் கொடுமை. பாதித்தல் என்றால் தமிழில் கேடு செய்தல். நல்ல இயல்புகள் வேலைவாய்ப்பைக் கெடுக்கின்றன என்றல்லவா தலைப்புக்குப் பொருள் வருகிறது! மூலத்தில் ஒரு சொல்லைக் கண்டவுடன் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, வாக்கியத்தை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்காத மொழிபெயர்ப்பாளர்களால் வரும் தொல்லை இது. அவர்கள் ஒரு நாள் தறிக்குடோன் வாசலில் நின்று கேட்டிருந்தால் போதும். எங்கள் ஊரில் யாரும் ‘வேலை உருவாக்கம்’ என்று சொல்வதில்லை. “பத்துப் பேருக்கு வேலை போட்டுக் குடுத்திருக்காருங்க” என்பார்கள். தறி போட்டார், பட்டறை போட்டார், கம்பெனி வெச்சார் என்று எல்லாவற்றையும் வினையால்தான் சொல்வார்கள்.

பயிலரங்கு முடிந்ததும் கையேட்டின் ஒரு படியில் தலைப்பை அடித்து, “தொழில்முனைவோரின் இயல்புகளும் சிறுதொழில்களில் வேலைவாய்ப்புப் பெருகுதலும்” என்று எழுதி, நடத்தியவர்களிடம் கொடுத்தேன். பண்பு என்றதை இயல்பு என்று மாற்றியதற்கும் காரணம் சொன்னேன்: பண்பு என்றால் நற்குணம் என்றே நம் காதில் விழும், விட மனமில்லாத லேத்துக்காரரின் கவலையும் ஆராயப்பட வேண்டியதுதானே. வெளியே வரும்போது தறிக்காரரிடம் புதிய தலைப்பைப் படித்துக் காட்டினேன். “இப்படிப் போட்டிருந்தா படிச்சிருப்பனுங்களே” என்றார். சட்டைப்பையிலிருந்து கையேட்டை எடுத்து, பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே விரித்தார்.