தொழில்முறைச் சங்கத்தின் விதியை உறுப்பினர்கள் மாற்றுவது எப்படி?

தலைவர் பதவிக்குக் கால வரம்பு வேண்டும், தேர்தலை வெளியாள் நடத்த வேண்டும் என்று நூறு பேர் கையெழுத்திட்ட மனு செயற்குழுவுக்குப் போகும். "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். வேண்டுகோளாக எழுதிய மனுவுக்குப் பெரும்பாலும் இதுதான் கதி. அதே நூறு கையெழுத்தைச் சட்டம் கேட்கும் வடிவில் கொடுத்தால், செயற்குழுவுக்கு அன்றைக்கே கெடு தொடங்கிவிடும்.

முதலில் சங்கம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பாருங்கள். பட்டயக் கணக்காளர் நிறுவனம், பார் கவுன்சில் போன்றவை நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தவை. அவற்றின் அடிப்படை அமைப்பை உறுப்பினர் கூட்டம் மாற்ற முடியாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கமென்றால், துணைவிதியைத் திருத்த வாக்களிக்கும் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினரின் ஆதரவோடு சிறப்புத் தீர்மானம் நிறைவேற வேண்டும்; மாவட்டப் பதிவாளரிடம் பதிவான பிறகே திருத்தம் செல்லும். மூன்றாவது வகை, நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 8-ஆம் பிரிவின் கீழ் லாப நோக்கின்றி நடக்கும் நிறுவனமாகப் பதிவானவை. பல தொழில்முறை அமைப்புகள் இப்படி இருக்கின்றன. இனி வருவதெல்லாம் இந்த வகைக்கு.

அமைப்பு விதிகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். கட்டணம் செலுத்தினால் 7 நாளில் தர வேண்டும் என்கிறது 17-ஆம் பிரிவு. யாருக்கு ஓட்டு, கோரம் (கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள்) எவ்வளவு, ப்ராக்ஸி (வராதவருக்குப் பதில் ஓட்டுப் போடும் ஆள்) உண்டா என்ற மூன்றையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். பங்கு மூலதனம் இல்லாத நிறுவனத்தில், விதியில் சொல்லியிருந்தால்தான் ப்ராக்ஸி உண்டு.

100-ஆம் பிரிவின்படி, மொத்த வாக்குரிமையில் பத்தில் ஒரு பங்கு உள்ளவர்கள் எழுத்தில் கேட்டால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டியாக வேண்டும். ஓட்டுள்ள உறுப்பினர் 800 என்றால் 80 பேர். ஆனால் 80-உடன் நிறுத்தாதீர்கள். கோரிக்கை போய்ச் சேரும் நாளில் ஓட்டுரிமை இருப்பவர்தான் கணக்கு. சந்தா பாக்கியால் ஓட்டு இழந்தவர், ஓட்டில்லாத மாணவர் உறுப்பினர், இணை உறுப்பினர் கழிக்கப்படுவார்கள். 100 பேராவது இருந்தால் நிம்மதி. ஒவ்வொரு கையெழுத்துத் தாளின் தலைப்பிலும் தீர்மான வாசகம் முழுதாக இருக்கட்டும். வெறும் பெயர்ப் பட்டியலைப் பின்னால் கோத்துக் கொடுத்தால், "எதற்குக் கையெழுத்திட்டார்கள் என்று தெரியவில்லை" என்று ஒதுக்கிவிட வழி கிடைக்கும்.

வாசகத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "நிர்வாகத்தில் வெளிப்படைத்தன்மை வேண்டும்" என்பது தீர்மானமே ஆகாது. எந்த எண்ணுள்ள விதி, அதில் எந்தச் சொற்கள் நீங்குகின்றன, எவை சேர்கின்றன என்று இருக்க வேண்டும். "தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒருவர் அதே பதவிக்குப் போட்டியிடக் கூடாது" என்று எழுதினால், இப்போது பதவியில் இருப்பவரின் பழைய காலமும் சேருமா என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். பல திருத்தங்கள் இருந்தால் ஒவ்வொன்றும் தனித் தீர்மானமாக இருக்கட்டும். ஒன்று தோற்றால் மற்றவை பிழைக்கும். காரணம் போதாது என்று இயக்குநர் குழு, அதாவது இந்த வகைச் சங்கத்தின் செயற்குழு, தள்ள முடியாது. தீர்மானத்துக்குக் காரணம் சொல்ல உறுப்பினர் கடமைப்பட்டவர் அல்லர் என்று எல்ஐசி – எஸ்கார்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கோரிக்கையைப் பதிவு அலுவலகத்துக்கே அனுப்புங்கள், ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். மார்ச் 1 தேதியிட்டு அன்றே கையில் கொடுத்தால், 21 நாளில், அதாவது மார்ச் 22-க்குள், கூட்டம் கூட்டும் நடவடிக்கை தொடங்க வேண்டும். கூட்டம் 45 நாளில், ஏப்ரல் 15-க்குள், நடக்க வேண்டும். நடவடிக்கை இல்லையென்றால் கோரிக்கையாளர்களே கூட்டலாம்; அதற்கு மூன்று மாதம், ஜூன் 1 வரை. அப்போது உறுப்பினர் பட்டியலை முகவரியோடு நிறுவனம் தந்தாக வேண்டும். இடம் பதிவு அலுவலகமோ அதே ஊரோ. தேசிய விடுமுறை நாள் கூடாது. நியாயமான செலவையும் நிறுவனமே திருப்பித் தர வேண்டும், ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

கூட்டத்துக்கு 21 முழு நாள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும். அனுப்பும் நாளும் கூட்ட நாளும் சேராது. ஆண்டறிக்கையும் கணக்கும் ஒழுங்காகத் தாக்கல் செய்துள்ள 8-ஆம் பிரிவு நிறுவனத்துக்கு 14 நாள் போதும் என்ற சலுகை உண்டு. நீங்களே கூட்டும்போது அந்தச் சலுகையை நம்ப வேண்டாம்.

கூட்ட நாளில் அரை மணி நேரத்துக்குள் கோரம் சேராவிட்டால், கோரிக்கையின் பேரில் கூடிய கூட்டம் ரத்தாகிவிடும். சாதாரணக் கூட்டம்போல் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகாது. பொது நிறுவனத்தில் (பப்ளிக் கம்பெனி) கோரம், உறுப்பினர் 1,000 வரை என்றால் 5 பேர், 5,000 வரை 15, அதற்கு மேல் 30. விதியில் கூடுதலாக இருந்தால் அதுதான் செல்லும். மூன்று மாத உழைப்பு இந்த அரை மணியில் போய்விடக் கூடாது. ஆட்களை நேரத்துக்கு முன்பே உட்கார வையுங்கள்.

விதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் தேவை: ஆதரவு ஓட்டு, எதிர்ப்பைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 30 எதிர்ப்புக்கு 90 ஆதரவு போதும். 89 என்றால் தோல்வி. ஓட்டுப் போடாதவர் கணக்கில் வரமாட்டார்.

நிறைவேறியதும் விதி மாறிவிட்டதாக நினைக்காதீர்கள். 8-ஆம் பிரிவு நிறுவனத்தின் விதித் திருத்தத்துக்கு அரசின் முன் ஒப்புதல் தேவை. விண்ணப்பிக்க வேண்டியது நிறுவனம்தான், அதாவது தோற்ற அதே குழு. அதனால் "இத்தனை நாளுக்குள் ஒப்புதலுக்கு விண்ணப்பிக்கக் குழு பணிக்கப்படுகிறது" என்ற வரியைத் தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள். சிறப்புத் தீர்மானத்தை 30 நாளுக்குள் எம்ஜிடி-14 படிவத்தில் தாக்கல் செய்வதும் அவர்கள் கடமை. அதைச் செய்யாமல் இழுத்தடித்தால் நிறுவனப் பதிவாளரிடம் புகார் கொடுக்கலாம். நிர்வாகம் உறுப்பினரை நசுக்கும் அளவுக்குப் போனால், மொத்த உறுப்பினரில் ஐந்தில் ஒரு பங்கினர் சேர்ந்து தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக 244-ஆம் பிரிவு இடம் தருகிறது.